அலரும் இணையமும்

சென்ற ஆடித் திங்களில் கைக்குட்டை இரண்டு வாங்குதற்பொருட்டு நகரத்துப் பெருங்கடை யொன்றினுட் புகுந்தோம். விலை அறுபது ரூபாய். பணத்தை நீட்டியவழி, பில் போடும் பெண்மணியார் அதனை வாங்காது, "மொபைல் நம்பர் சொல்லுங்க தம்பி" என்றார். எதற்கு என வினவினோம். "நம்பர் போட்டாத்தான் பில்லே வரும்" என்றார். யாம் தயங்கி நிற்ப, எமக்குப் பின்னின்ற முதியவர் ஒருவர், "நம்பர்தானே, சொல்லிட்டுப் போங்க தம்பி. நம்மகிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார். அவர்க்குப் பின்னின்றாரும் அதுவே தம் கருத்து என்பார்போல் எம்மை நோக்கினர். நாணமுற்று எண்ணைச் சொல்லி வெளியேறினோம். வாங்குவோரை அவ்வாறு வற்புறுத்தலாகாது என மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023 மே திங்களிலேயே வணிகர்க்கு அறிவுறுத்தியுளது என்பதை விடுதிக்கு மீண்ட பின்னரே அறிந்தோம். முன்னரே அறிந்திருப்பினும் அவ்விடத்து அதனை எடுத்துரைத்திருப்போமோ என்பது ஐயமே. வரிசை நீண்டிருந்தது.

அம்முதியவரது சொல்லைக் குறித்தே ஈண்டுச் சில எழுதப் புகுந்தோம். அஃது அவர் ஒருவரது சொல் அன்று. மருந்துக் கடையிலும், பேருந்திலும், எம் விடுதி உணவுக்கூடத்திலும் அச்சொல்லே கேட்கப்படுகின்றது. குற்றம் புரிந்தான் மறைக்கட்டும். நேரிய வாழ்வினனுக்கு மறைப்பு எற்றுக்கு என்பது அதன் உட்கிடை. கேட்குங்கால் அஃது அறவுரை போலவே தோன்றும். ஆயின், அதனைச் சொன்ன முதியவர் தம் ஓய்வூதியம் இத்துணை என்று அண்டை வீட்டார்க்கு உரைப்பாரோ? தம் மகளைப் பெண் பார்க்க வந்தோர் எவ்வூரார் என்பதை, நிச்சயம் ஆகுங்காறும் உடன்பிறந்தாரிடத்தும் வெளியிடாரன்றே? மருத்துவர் எழுதித் தந்த சீட்டை நான்காய் மடித்துச் சட்டைப்பையுள் வைப்பாரன்றே? இவற்றுள் யாதொன்றும் குற்றமன்று. குற்றமல்லாதவற்றையே நாம் நாள்தோறும் பிறர் கண்ணுக்கு மறைத்து வாழ்கின்றோம்.

இனி, அந்தரங்கம் என்பது மேனாட்டார் சரக்கு. திண்ணையில் வழிப்போக்கனை உறங்கவிட்ட நம் நாட்டிற்கு அஃது அயலானது என்று கூறுவார் உளர். அறிவுடையார் சிலரும் இங்ஙனம் கூறக் கேட்டுள்ளோம். இவர்கள் திண்ணையைக் கண்டு கதவைக் காணாதவர் என்றே தோன்றுகின்றது. வழிப்போக்கனுக்குத் திண்ணை, தெரிந்தவனுக்கு நடை, உறவினனுக்குக் கூடம், அதற்கப்பால் உள்ள அறைக்குள் வீட்டாரன்றிப் பிறர் புகுதல் இல்லை. யார் எதுவரை வரலாம் என்பதை நம் முன்னோர் சுவராலும் படியாலும் வகுத்து வைத்திருந்தனர். கைப்பேசியிலோ நடையும் இல்லை, கூடமும் இல்லை. திண்ணையில் நின்று "உள்ளே வரலாமா?" என்று வினவும் செயலிக்கு நாம் "சரி" என ஒருமுறை விரலால் தொட்டுவிடின், அடுக்களைப் பானைவரை எல்லாம் திறந்துவிடுகின்றன.

அயலான் ஒருவன் வந்து வினவின் அவன் முகத்தை நோக்குகின்றோம், குரலை அளக்கின்றோம், மறுத்தலும் அறிவோம். பொறி வினவுங்கால் அதற்கு முகம் இல்லை. எவரும் கேட்கவில்லை, எவரும் பார்க்கவில்லை என்னும் மயக்கம் அதனால் எழுகின்றது. மக்கள் அந்தரங்கத்தைப் பொருட்படுத்துவதில்லை என்று முடிவு கட்டுவார் இம்மயக்கத்தை உணரார்.

பொருட்படுத்தியும் பயன் இல்லாமற் போவதும் உண்டு. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் நிறுவனத்தார் தம் விதிகளை மாற்றுவதாக அறிவித்தபோது யாம் ஒன்பதாம் வகுப்பு மாணவராயிருந்தோம். அந்நிறுவனத்தை உடைய ஃபேஸ்புக்கோடு பயனர் தகவல் பகிரப்படும் என்ற செய்தி பரவ, எம் உறவினர் குழுவில் பெருங்கலக்கம் எழுந்தது. சித்தப்பாவின் ஆணைப்படி பதினால்வர் சிக்னல் என்னும் செயலிக்குக் குடிபெயர்ந்தோம். பெரியம்மா மட்டும் பெயரவில்லை. அவர்க்குப் புதியதை நிறுவத் தெரியாது. நாள்தோறும் காலையில் அவர் அனுப்பும் பூங்கொத்துப் படம் பழைய குழுவிலேயே வந்துகொண்டிருந்தது. பெரியம்மாவை விட்டு எங்ஙனம் இருப்பது? பத்து நாளில் அனைவரும் மீண்டோம். புதிய விதிகள் மே திங்கள் 15ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டுப் பின்னர் நடைமுறைக்கு வந்தன. வந்த நாளை எம்முள் எவரும் கருதியதாக நினைவில்லை. இதனை அலட்சியம் என்பதா? உறவினர் யாண்டு உளரோ ஆண்டன்றி வேறு போக்கிடம் இல்லாமை என்றே யாம் கொள்கின்றோம்.

தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு இவ்விடத்து நம் இலக்கணம் ஒன்று நினைவிற்கு வருகின்றது. காதல் வாழ்வைப் பாடும் அகத்திணையுள் ஒருவரது பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் அகத்திணையியலில் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்பனவன்றி இன்னார் எனப் பெயர் வரின் அப்பாட்டு அகமாகாது, புறத்தின்பாற் படும். இதனை வெறும் பாட்டிலக்கணம் என்றே முதலாண்டில் மனப்பாடம் செய்தோம். உள்ளத்து நிகழ்வன உலகிற்கு உரைக்கப்படலாம். ஆயின் அவை எவருடையன என்பது உரைக்கப்படலாகாது என்னும் நாகரிகம் அதனுள் உறைவதை இன்று உணர்கின்றோம்.

இணைய வணிகரும் இவ்விதியைப் பின்பற்றுவார் போலவே பேசுவர். "உங்கள் பெயரை நீக்கிவிட்டே தகவலைச் சேர்க்கின்றோம், அஞ்ச வேண்டா" என்பர். பெயர் நீங்கின் போதுமோ? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை நோக்குக. தலைவனைப் பிரிந்து வருந்தும் தேவியும், பாசறையில் நள்ளிரவிற் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் அரசனுமாக அமைந்த அப்பாட்டில் அரசனது பெயர் ஓரிடத்தும் இல்லை. எனினும், அவனோடு செல்வான் ஏந்திய வேலின் தலையில் வேம்பு சூட்டப்பட்டிருந்தது என்று புலவர் ஒரு சொல் வைத்துவிட்டார். வேம்பு பாண்டியர்க்கு உரிய பூ. அவ்வடையாளப் பூ ஒன்றினாலேயே தலைவன் இன்னான் என்பது வெளிப்பட்டுவிடுதலின், அகமாகற்பாலதாகிய பாட்டுப் புறமாயிற்று என்று நச்சினார்க்கினியர் உரைத்தார். பெயர் வேண்டா, ஓர் அடையாளம் போதும் என்பதை அவர் கண்டிருந்தார்.

அமெரிக்க நாட்டில் இதனைக் கணக்கிட்டுக் காட்டியவர் லட்டான்யா ஸ்வீனி என்னும் அம்மையார். மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்தம் மருத்துவப் பதிவுகளைப் பெயரும் முகவரியும் நீக்கி ஆராய்ச்சிக்கென வழங்கியிருந்தனர். பிறந்த நாள், பால், அஞ்சற் குறியீட்டெண் என்னும் மூன்றும் நீக்கப்படவில்லை. அக்காலை மாணவியாயிருந்த அவ்வம்மையார் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநராயிருந்த வில்லியம் வெல்டு என்பாரது மருத்துவப் பதிவு இஃது எனப் பிரித்தெடுத்தார். 1990ஆம் ஆண்டு மக்கட்கணக்கை ஆராய்ந்து, அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 87 பேரை இம்மூன்று குறிப்புகளே தனித்துக் காட்டவல்லன என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர், நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006இல் பெயர் நீக்கி வெளியிட்ட திரைப்பட மதிப்பெண்களிலிருந்து ஆட்களை அடையாளங் காணக்கூடும் என்பதை அரவிந்த் நாராயணன், விட்டலி ஷ்மாட்டிகோவ் என்னும் இருவர் காட்டினர். எப்படத்தை எந்நாளில் விரும்பினோம் என்பதும் ஒரு வேப்பம்பூவே.

இவ்வளவும் ஏட்டறிவு. இதனை எம் உள்ளத்திற் பதித்தது வேறொரு நிகழ்ச்சி. எம் தோழர் ஒருவரைப் பற்றியது. அவர் பெயரையும் ஊரையும் துறையையும் சொல்லோம். தேர்வுக் கட்டணம் கட்ட நாள் நெருங்கிய போழ்து, அவர் தம் கைப்பேசிக்கு வந்த இணைப்பொன்றைத் தொட்டுக் கடன் தரும் செயலி ஒன்றை நிறுவினார். நாலாயிரம் ரூபாய் கேட்டார். கழிவு போகக் கையில் வந்தது இரண்டாயிரத்து அறுநூறு. ஏழு நாளில் நாலாயிரமும் திருப்பவேண்டும் என்பது விதி. பணம் தருமுன் அச்செயலி அவரது தொடர்புப் பட்டியலைக் காண இசைவு கேட்டது. அவரும் இசைந்தார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்னும் கட்சியினரே அவர்.

எட்டாம் நாட்காலை முதல் வகுப்பில் எம் கைப்பேசி அதிர்ந்தது. அவர் முகத்தின்கீழ் 'திருடன்' என்று பொறித்த படம் ஒன்றும், அவர் எம் பெயரைச் சொல்லிக் கடன் வாங்கி ஏமாற்றியதாக ஒரு செய்தியும் அறியா எண்ணிலிருந்து வந்திருந்தன. சுற்றிலும் ஒவ்வொருவராகக் கைப்பேசியைக் குனிந்து நோக்கினர். அவர்தம் பட்டியலில் இருந்த முந்நூற்றுக்கு மேற்பட்டோர்க்கும் அப்படம் சென்றிருந்தது. தந்தையார்க்கு, அவர் வேலை செய்யும் கடை முதலாளிக்கு, அக்காளின் மாமனார்க்கு, ஊர்ச் சபையின் போதகர்க்கு, எம் பேராசிரியர் இருவர்க்கு. அவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். அவர்க்கு இன்னும் தெரியாது. எம்முள் சிலர் நகைத்தனர். நீவிரும் நகைத்தீரோ என எம்மை வினவின், இல்லை என்று துணிந்து சொல்ல இயலவில்லை.

களவியலில் அம்பல், அலர் என இரண்டு சொல்லப்படும். அரும்பு போல் வாய்க்குள் முணுமுணுக்கப்படுவது அம்பல். இன்னானுக்கும் இன்னாளுக்கும் இன்னது என ஊரறிய மலர்ந்தது அலர். பண்டை அலரைத் தூற்றியோர் துறையிலோ தெருவிலோ நின்ற பெண்டிர். அவர் குரல் ஓரூர் அளவே எட்டும். நாளடைவில் அவிந்தும் போகும். இவ்வலரைத் தூற்றியது முகமறியாத நிறுவனம். எவரெவர் முன் இழிவுபட்டால் ஒருவனுக்கு உயிர் போகும்போலும் என்பது தெரிந்து, அவரவரிடத்தே அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்பட்டியலை எழுதிக் கொடுத்தவர் எம் தோழரே என்பதுதான் கொடுமை. அவர் மறைத்த குற்றம் யாது? கட்டணத்திற்குக் கடன் வாங்கியது குற்றமா? ஒன்றுமில்லை. மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவரையே அஃது அழித்தது.

அன்று மாலை அவர் விடுதியை விட்டு ஊர்க்குப் போயினார். அவ்வாரம் முழுதும் இதனைப் பற்றிப் பேசினோம். "எதுக்கு அங்கே போய்க் கடன் வாங்கினான்?" என்றே அனைவரும் வினவினர். எம் எண் அச்செயலிக்கு எவ்வாறு தெரிந்தது, எம்மைக் கேட்டா எடுத்தது என்று ஒருவரும் வினவவில்லை. தோழர் இசைந்தது தமக்காக. முந்நூற்றுவர்க்காக இசைய அவர்க்கு உரிமை ஏது? நம் கைப்பேசிகளுள் உள்ள பெயர்கள் பிறருடையன என்னும் எண்ணமே நம்மனோர்க்கு இல்லை. "என் தகவல், என் விருப்பம்" என்பார் கூற்றில் உள்ள பிழை இதுவே. நம் தாயின் எண்ணும், ஆசிரியரது எண்ணும், பிறரது ஒளிப்படமும் நம்மிடத்து அடைக்கலமாய் இருக்கின்றன.

கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புக் குறிப்பையும் தொடலாகாது என இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. கூகிள் நிறுவனமும் தன் செயலிக் கடையில் உள்ள கடன் செயலிகளை 2023இல் அங்ஙனமே தடுத்தது. எம் தோழர் நிறுவியதோ கடைக்கு வெளியே, செய்தியில் வந்த இணைப்பின் வழியாக வந்தது. கதவைப் பூட்டிய பின் கள்வன் சாளரத்தை நாடியதில் வியப்பில்லை.

சட்டத்தைப் பற்றியும் சில சொல்லவேண்டும். அந்தரங்கம் அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்து ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்டு 24ஆம் நாள். அவ்வழக்கைத் தொடுத்த புட்டசாமி கருநாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்றவர். 2012இல் மனுவைக் கொடுத்தபோது அவர்க்கு அகவை எண்பதுக்கு மேல். எம் விடுதியில் 'இந்த வயதில் எதற்கு' என்று சோம்பியிருப்போர் இதனை நினைவிற் கொள்க. ஏழைக்கு வேண்டுவது சோறேயன்றி அந்தரங்கம் அன்று என்னும் பொருள்பட எழுந்த வாதத்தை அம்மன்றம் ஏற்கவில்லை. நாலாயிரம் ரூபாய்க்கு அலைந்த எம் தோழரது முகத்தைக் கண்டார் எவரும் அவ்வாதத்தை ஏலார்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. நிறுவனங்கள் ஆற்றவேண்டிய பெருங்கடமைகள் அதனின்று பதினெட்டுத் திங்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும் என அவ்விதிகள் கூறுகின்றன. தகவலை எதற்கு எடுக்கின்றோம் என்று சொல்லி இசைவு பெறவேண்டும். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறலாம். தவறுவார்க்கு 250 கோடி ரூபாய்வரை தண்டம் உண்டு. அரசின் அங்கங்களை நாட்டின் காவல் முதலிய காரணங்காட்டி இச்சட்டத்தினின்று விலக்க மத்திய அரசிற்கு இடமுண்டு என்பது எமக்கு உடன்பாடன்று. கேட்பவன் வணிகனாயினும் அரசாயினும் கதவு ஒன்றே. தகவலறியும் உரிமைச் சட்டத்தையும் இதனால் திருத்திவிட்டமையின், அந்தரங்கத்தின் பெயரால் அலுவலர்தம் செயல்கள் மறைக்கப்படும் என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் புறக்கணிக்கற்பாலதன்று.

இச்சட்டத்துள் எம்மை மகிழ்வித்த பகுதி ஒன்று உண்டு. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலேனும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் ஒன்றிலேனும் படிக்க மக்கட்கு வாய்ப்பளித்தல் வேண்டும் என்பது. தமிழ் அவற்றுள் ஒன்று. ஆங்கிலத்தில் இருத்தலின் படிப்பதில்லை என்று இதுகாறும் தமிழர் சொல்லக்கூடும்; ஆங்கிலேயரும் படிப்பதில்லை என்பது வேறு. இனி அதனை எவர் தமிழில் எழுதுவர்? பொறியே மொழிபெயர்த்துப் பொறியே வெளியிடுமாயின், பெரியம்மாவிற்கு அஃது எம்மொழியாயினும் ஒன்றே. "உம் கைப்பேசியிலுள்ள எல்லாருடைய எண்களையும் எடுத்துக்கொள்வோம், தவணை தவறின் அவர்கட்கு உம்மைப் பற்றி எழுதுவோம்" என்று ஒரு வரி தெளிதமிழில் இருந்திருப்பின் எம் தோழர் "சரி" எனத் தொட்டிரார். தமிழ் ஆனர்சு படித்து என்ன வேலைக்குப் போகப்போகிறாய் என்று எம்மை வினவும் உறவினர்க்கு இவ்வேலையைக் காட்டலாம் என்றிருக்கின்றோம்.

தகவல் திரட்டலையே யாம் வெறுக்கின்றோம் எனக் கொள்ளற்க. தடுப்பூசி இட்டார் எத்தனையர், பள்ளியினின்று நின்றார் எத்தனையர் என்று அறியாத அரசு எதனைச் செய்யும்? கைப்பேசியாற் பணம் செலுத்தும் வசதியை எம் விடுதித் தேநீர்க் கடைக்காரர் முதலாக எவரும் விடார், யாமும் விடோம். ஆயின், நம் நாட்டிலேயே 1948ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் என ஒன்று உளது. வீடுதோறும் சென்று அனைத்தும் கேட்க அரசிற்கு உரிமை தந்த அச்சட்டமே, அங்ஙனம் எழுதிய ஏடுகளைப் பிறர் பார்வையிடலாகாது, பொதுவாக நீதிமன்றத்தும் சான்றாகக் கொள்ளலாகாது என்றும் விதித்தது. கேட்டவன் வாயடைத்துக் கிடப்பான் என்னும் உறுதியின்மேல் மக்கள் சொன்னார்கள். கடைக்காரர் கேட்கும் பத்து இலக்கத்திற்குப் பின் அத்தகைய உறுதி யாதுளது?

எம் கல்லூரியிலும் இதனைத் தொடங்க இடமுண்டு. சென்ற பருவத்தில் சுற்றுலாவிற்குப் பெயர் கொடுத்தாரது பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. பெயர், கைப்பேசி எண், குருதி வகை, தந்தையார் வருவாய், சாதி என ஐந்து பத்திகள். சுற்றுலாப் பேருந்திற்குத் தந்தையார் வருவாய் எற்றுக்கு என்று செயலாளரை வினவினோம். அவர் நல்லவர். சிறிது எண்ணி, "போன வருஷத்துப் படிவத்தையே எடுத்துப் போட்டோம்" என்றார். பின் தாமே அதனைக் கிழித்தெடுத்து, பெயர்ப் பத்தியை மட்டும் கத்தரித்து மீண்டும் ஒட்டினார். அத்தாள் ஏழு நாள் அங்கே மகளிர் பலரும் அஞ்சாது காணும்படி இருந்தது.

எம் தோழர் ஒரு பருவத்தை இழந்து சூலைத் திங்களில் மீண்டார். முதல் நாள் அவரைக் கண்டு யாம் செய்ததைச் சொன்னோம். அவர், "தெரியும்" என்று மட்டும் கூறினார். கைப்பேசி எண்ணை மாற்றிக்கொண்டுள்ளார். புதிய எண்ணை நால்வர்க்கே கொடுத்துள்ளார். எம்மையும் அந்நால்வருள் ஒருவராகக் கொண்டமைக்கு யாது காரணமோ அறியோம். அதனை யாம் எம் கைப்பேசியிற் பதியவில்லை. நன்னூல் உரையின் பின்னட்டை உட்புறத்தில், பெயர் எழுதாது, பென்சிலால் குறித்து வைத்துள்ளோம்.